முதலாளியின் மெயில் முகவரியை ஊருக்கெல்லாம் கொடுத்தவன்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த மயில்சாமி முதலாளிக்கு அன்றைக்குக் கோபம் தலைக்கேறியது. கம்ப்யூட்டரைத் திறந்தாலே நகைச்சீட்டு, வழுக்கைக்கு எண்ணெய், மலேசியா டூர் என்று வேண்டாத மெயிலாகக் கொட்டினால் வேறென்ன செய்வார்?

"எவனோ என் மெயில் முகவரியை ஊருக்கெல்லாம் குடுத்திருக்கான். நாளைக்குள்ள அவனைப் புடிச்சு என் முன்னால நிறுத்து. இல்லாட்டி வேலைக்கு வராதே!" என்று ஆபீஸில் வேலை பார்க்கும் பூங்கோதையிடம் கத்தினார்.

"புடிச்சுடலாமுங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. 'விசிட்டிங் கார்டு போடுங்கள்! குலுக்கலில் பட்டுவேட்டி வெல்லுங்கள்!' என்று அதில் ஒட்டியிருந்தது.

முதலாளி வந்தார், படித்தார். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் குடுவையைக் கண்டால் செய்வதையே இங்கேயும் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து உள்ளே போட்டார்.

பூங்கோதை குடுவையைத் தூக்கிக்கொண்டு அவர் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"ஆள் சிக்கிட்டாருங்க."

கார்டில் அவருடைய மெயில் முகவரி கொட்டை எழுத்தில் இருந்தது. முதலாளி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, விடு. உள்ள ஒரே கார்டுதானே இருக்கு? அப்ப வேட்டி எனக்குத்தானே, கண்ணு?"