சிவந்த உமரி

நாறும்பூ தன் மகள் வடிவுக்காக உமரியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். கடலோர உவர்க்காட்டில் இலையில்லாமல் கணுக்கணுவாய் முளைக்கிற கீரை அது. கைகால் வீக்கத்துக்கு அதுதான் மருந்து என்பது வைத்தியச்சி உலகம்மை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

வேரோடு பெயர்த்துக் கொல்லையில் நட்டான். பாவம், வாயில்லாச் செடி, எத்தனை நாள்தான் உப்பையே குடிக்கும் என்று கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினான். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? செடியும் பச்சைப் பசேலென்று கொழுத்தது. அதைப் பறித்துப் பறித்துக் கொடுத்தும் வடிவின் வீக்கம் காலிலிருந்து முகத்துக்கு ஏறியது. பிள்ளையால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஒரு கட்டுக் கீரையோடு குருவிடம் ஓடினான்.

“அம்மா, உங்க கையில மருந்தா இருக்கது என் கையில ஏன் வெறும் கீரையாப் போச்சு?”

உலகம்மை ஒரு கணுவைக் கிள்ளி மென்றாள்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே,” என்று துப்பினாள். “கூடையை எடுத்துட்டு வாய்யா.”

உவர்க்காட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். முன்பு அங்கே ஓர் ஊர் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் கடல் உள்ளே வந்து அதை மூடிவிட்டுப் போனது. தப்பியவர்களில் உலகம்மையும் ஒருத்தி. அந்த ஊரைப் பற்றி அவள் பேசி அவன் கேட்டதில்லை.

காற்று துளிகூட இல்லை. ஆனாலும் உமரி அசைந்தது. அவர்கள் நடக்க நடக்க அந்த அசைவும் கூடவே வந்தது. நாறும்பூ உலகம்மையை ஒட்டி நடந்தான்.

ஓரிடத்தில் செடிகள் பச்சை மாறிச் செக்கச்செவேலென்று கிடந்தன. சுற்றிலும் உப்பு பாளம் பாளமாக வெடித்திருந்தது. உலகம்மை முதல் பிடியைக் கிள்ளித் தரையில் போட்டாள். அங்கே பறிப்பவர்களின் வழக்கம் அது. முதல் பிடி கீழே இருப்பவர்களுக்கு.

“மண்ணுல காதை வையி.”

மண்டியிட்டு வைத்தான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எதையோ உறிஞ்சுகிற சத்தம். அதற்கும் அடியில் ஒரு பிள்ளையின் குரல், தொண்டை வறண்டு, அழுகையினூடே விட்டுவிட்டு வந்தது.

“தண்ணி... தண்ணி...”

துள்ளி எழுந்தான். ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவனும் பிள்ளை பெற்றவன். இடுப்பிலிருந்த சுரைக்குடுவையை அவிழ்த்து மூடியைத் திறந்தான்.

உலகம்மை அவன் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“ஊத்தாத.”

“பிள்ளை தவிக்குதும்மா!”

“தெரியும்.”

“உங்களுக்கும் கேக்குதா?”

“தினமும்.”

“யாரு பிள்ளை அது?”

“என் மகன்.”

அவன் குடுவையை மூடவில்லை. அவள் குனிந்து, சிவந்த கணுக்களாகப் பார்த்துக் கிள்ளிக் கூடையில் போட்டாள். ஒவ்வொரு கிள்ளுக்கும் கீழே குரல் ஒரு கணம் நின்று, மறுபடி எழுந்தது.

“ஒரு வாய் ஊத்துதேன், அம்மா. ஒரே ஒரு வாய்.”

“ஊத்தினா அழுகையை நிறுத்திருவான். இது சிவக்கிறது அந்தக் கண்ணீர் உப்புல.” கூடையை அவன் கையில் கொடுத்தாள். “அப்புறம் உன் வடிவுக்கு நான் எதைப் பறிப்பேன்?”