ஒன்றேகால் சுற்று

“கசியாத ஜாயிண்டை ஏன் டீச்சர் வெட்டிப் போடுதீங்க?”

கேட்டவர் தொம்மை பர்னாந்து. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இஞ்சின்களுக்குக் குழாய் பூட்டியே தலை நரைத்தவர். வயது ஐம்பத்து மூன்று.

டீச்சர் பெயர் பல்கீஸ். ஆலைகளுக்கு வாயு கொண்டுபோகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ட்யூப்களைப் பலகையில் பூட்டி அனுப்பும் ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சி கொடுப்பவர். வயது முப்பத்து நான்கு. தொம்மை இப்போது அவரிடம் வேலை கற்க வந்திருந்தார்.

பல்கீஸ் வெட்டிய துண்டைத் தொட்டியில் போட்டார்.

தொம்மை விடவில்லை.

“நட்டை விரலால முடுக்கு, பெறவு ஸ்பேனரால ஒண்ணேகால் சுத்து, அதோட நிறுத்துன்னு சொல்லுதீங்க. என் கையில இன்னும் ரெண்டு சுத்துக்குத் தெம்பு கெடக்கு.”

“தெம்பு உங்களுக்கு இருக்கு அண்ணாச்சி. ட்யூபுக்கு?”

தொம்மை சிரித்தார். துறைமுகத்தில் அவர் முடுக்கிய நட்டை இன்னொருவர் கழற்றியதில்லை. கடலில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் மருந்து ஒன்றுதான். இன்னும் ஓர் இழுப்பு.

“சரி,” என்றார் பல்கீஸ். “உங்க இஷ்டப்படி ஒண்ணு பூட்டுங்க.”

தொம்மை பூட்டினார். கழுத்து நரம்பு புடைக்க முடுக்கினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினார். அசையவில்லை.

“நீங்களும் பாருங்க.”

பல்கீஸ் பிடித்து ஆட்டினார். அவருக்கும் அசையவில்லை.

அதைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கனத்த இரும்புப் பெட்டி. மூடியைப் பூட்டி, தொம்மையைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார் பல்கீஸ். கைப்பம்பால் தண்ணீரை ஏற்றினார். அழுத்தம் காட்டும் முள் ஏறியது.

முள் பாதி தாண்டவில்லை. பெட்டிக்குள் டங்கென்று ஒரு சத்தம்.

முள் விழுந்தது.

மூடியைத் திறந்தபோது நட் இருந்த இடத்தில் இருந்தது. ட்யூப் மட்டும் பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் அடித்து வளைந்து கிடந்தது. அந்த இடத்தில் இரும்பில் ஒரு புது வடு.

“நட் எப்படி இருக்கு?”

தொம்மை தொட்டுப் பார்த்தார். “இறுக்கமாத்தான் இருக்கு.”

“ட்யூப்?”

தொம்மை எடுத்துப் பார்த்தார். நட்டுக்குள் இருக்கும் சின்ன வளையம்தான் ட்யூபைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அது கவ்விய தழும்பு ட்யூபின் விளிம்பிலேயே இருந்தது. நட்டைப் பூட்டும் ஃபிட்டிங்கின் உள்ளே ஒரு படி உண்டு. ட்யூப் அதில் முட்டி நிற்க வேண்டும். அவருடையது அரைவழியிலேயே நின்றிருக்கிறது. அவர் வெளியே முடுக்கிக்கொண்டிருந்தார்.

“வெளிய இருந்து பாத்தா தெரியலையே டீச்சர்.”

“தெரியாது.”

“அப்ப எப்படிக் கண்டுபிடிக்க?”

பல்கீஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

தொம்மை பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். எதில் எழுத? எதை எழுத? ட்யூபை எடுத்தார். ஃபிட்டிங்கில் விட்டார். எடுத்தார். படியில் முட்டும்வரை அழுத்தி விட்டார்.

பல்கீஸ் திரும்பி வந்தபோது ட்யூபில், நட்டின் வாயை ஒட்டி, ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

“கோடு நட்டை விட்டு விலகி நின்னா, ட்யூப் உள்ள முட்டலன்னு அர்த்தம்,” என்றார் தொம்மை.

பல்கீஸ் தலையசைத்தார்.

பிறகு தொம்மையின் கை மாறத் தொடங்கியது. ட்யூபை நேராக வெட்டினார். உள்ளும் புறமும் பிசிர் எடுத்தார். கோடு போட்டார். முட்டும்வரை தள்ளினார். ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் நட்டை மட்டும் திருப்பினார். ஒன்றேகாலில் நிறுத்தினார். நிறுத்துவதுதான் சிரமமாக இருந்தது. தோள்பட்டை இன்னும் கொஞ்சம் கேட்டது. கொடுக்கவில்லை.

பூட்டியவர் பெயரின் முதலெழுத்தைச் சின்னத் தகட்டில் பொறித்து ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கட்டுவது அந்தக் கூடத்து வழக்கம். பூட்டியவரே சோதிக்கக் கூடாது என்பதும் வழக்கம். ‘தொ’வை பல்கீஸ் சோதித்தார். ‘ப’வை ஒருநாள் தொம்மையிடம் கொடுத்தார்.

“நீங்க பூட்டுனத நான் சோதிக்கவா? நீங்க டீச்சர்லா?”

“அதனாலதான். என் கண்ணு என்னைய நம்பிரும்.”

பெரிய பலகை ஒன்று தயாரானது. ஓர் உர ஆலைக்குப் போக வேண்டியது. ஆலையிலிருந்து பொறியாளர்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். கூடத்து மேலாளர் கிருபாகரன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

பலகை முழுவதும் நைட்ரஜனை ஏற்றினார்கள். முள் ஏறி நின்றது. தொம்மை சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு நட்டிலும் தடவிக்கொண்டே வந்தார்.

கீழ்வரிசையில் ஒரு நட்டைச் சுற்றிக் குமிழி வந்தது. கடுகு கடுகாக.

தகட்டைப் பார்த்தார். ‘ப’.

அதை அவர்தான் சோதித்திருந்தார். நட்டுக்கும் ஃபிட்டிங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

கிருபாகரனும் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அண்ணாச்சி, லேசா ஒரு இழுப்பு. அவங்க இந்தப் பக்கம் பாக்கல.”

உண்மைதான். பொறியாளர்கள் மறுமுனையில் நின்றார்கள். பல்கீஸ் அவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை திரும்பினார். குமிழியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். தொம்மையைப் பார்த்தார்.

திரும்பி விளக்கத்தைத் தொடர்ந்தார். கண்ணைக்கூடக் காட்டவில்லை.

ஓர் இழுப்பு. குமிழி அடங்கிவிடும். டீச்சர் பெயர் தப்பிவிடும். தொம்மையின் கை தானாகவே ஸ்பேனரை எடுத்துவிட்டது. நட்டில் வைத்தும்விட்டது.

பிறகு எடுத்தார். ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

“உள்ள அழுத்தம் நிக்கி சார். இறக்காம நான் நட்டைத் தொடமாட்டேன்.”

மெதுவாகச் சொல்லவில்லை. பொறியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருபாகரன் முகம் சிவந்தது. “அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாகுது.”

“போறவங்க போகட்டும் சார்.”

யாரும் போகவில்லை.

தொம்மை வால்வை அடைத்தார். வெளியேற்றும் குழாயைத் திறந்தார். வாயு சீறிக்கொண்டு போயிற்று. முள் கீழே வந்து படுக்கும்வரை எல்லாரும் நின்றார்கள். தொம்மை அதற்குப் பிறகும் கொஞ்சம் நின்றார். பின்பு நட்டைக் கழற்றினார்.

ட்யூப் முழுதாக முட்டித்தான் இருந்தது. வளையம் சரியாகத்தான் கவ்வியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வளையத்துக்கு அடியில், ட்யூபின் நீளவாக்கில், மயிரிழைபோல ஒரு கீறல். வாயு அந்த வழியாக வந்திருக்கிறது. அது இறுக்கத்தால் நிரந்தரமாக அடைபடும் வழி அல்ல.

தொம்மை அந்தத் துண்டை வெட்டி எடுத்தார். யாருக்கும் காட்டாமல் பல்கீஸ் கையில் கொடுத்தார்.

பல்கீஸ் நகத்தால் தடவினார். நகம் தட்டியது.

நேராகப் பொறியாளர்களிடம் போனார். அவர்களில் மூத்தவர் கையில் துண்டை வைத்தார்.

“இது நான் பூட்டுனது சார். ட்யூபை எடுக்கும்போதே கீறலைப் பாத்திருக்கணும். பாக்கல. புது ட்யூப் போட்டுத் தாரோம்.”

மூத்தவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு பூட்டப் போறா?”

பல்கீஸ் தொம்மையைப் பார்த்தார்.

தொம்மை புது ட்யூபை எடுத்தார். முதலில் நீளம் முழுக்க விரலை ஓட்டினார். வெட்டினார். பிசிர் எடுத்தார். கோடு போட்டார். தள்ளினார். விரலால் முடுக்கினார். பிறகு ஸ்பேனர். அத்தனை பேர் சுற்றி நின்றும் அந்தக் கையில் அவசரம் இல்லை. ஒன்றேகாலில் நின்றது.

பல்கீஸ் குனிந்து கேஜ் வைத்துப் பார்த்தார். தலையசைத்தார்.

மறுபடி வாயு ஏறியது. சோப்புத் தண்ணீர் நட்டின்மேல் அப்படியே பளபளவென்று நின்றது. குமிழி இல்லை.

மூத்த பொறியாளர் தொம்மையின் பக்கத்தில் வந்தார்.

“உங்க மேலாளர் காதுல என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஒரு இழுப்பு இழுத்திருந்தா கசிவு நின்னிருக்குமா?”

“அந்த நேரத்துக்கு நின்னிருக்கலாம் சார்.”

“அப்புறம் ஏன் இழுக்கல?”

“நின்னுட்டா, அடுத்த தடவையும் இழுப்பேன்லா.”

கிருபாகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் பல்கீஸிடம் திரும்பினார்.

“யாரும்மா இவரு?”

“எங்கிட்ட படிச்சவரு.”

கம்ப்ரசர் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. காதில் கைவைத்துக் குனிந்தார்.

பல்கீஸ் நிமிர்ந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.