பெயர் வரும் இடம்

மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களில் கிதாரோடு பாடித் திரிந்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டின் கடைசி அடியில் அதை ஆக்கியவரின் பெயர் வரும். நடு அடிகள் ஊருக்கு ஊர் மாறலாம். வாய்க்கு வாய் கூடலாம், குறையலாம். அந்தப் பெயரை மட்டும் யாரும் தொடக்கூடாது.

வெஸ்லி தொட்டுவிட்டான்.

நாற்பது வயதுக்காரன், முடிதிருத்தும் தொழில். பதினோரு ஆண்டுகளாக முதியவர் டல்லியிடம் பாட்டுக் கற்றவன். மெம்பிஸ் நகரில் அவர் பாட்டு ஒன்றை இசைத்தட்டுக்குப் பாடியபோது, ‘டல்லி’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வெஸ்லி’ என்று பாடினான். தட்டு ஊர் ஊராகப் போயிற்று. ஆறு வாரம் அவன் ஆசிரியர் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஏழாம் வாரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான்.

“என்ன முகம் இது? யார் காதையாவது அறுத்துவிட்டாயா?” என்றார் டல்லி.

“ஐயா, தட்டைக் கேட்டீர்களா?”

“மளிகைக் கடையில் போட்டார்கள். கேட்டேன்.”

வெஸ்லியின் தலை தாழ்ந்தது. “கடைசி அடி வந்ததும் வாய் தவறி என் பெயரைச் சொல்லிவிட்டது.”

“வாயா சொன்னது?”

“இல்லை, ஐயா. நான்தான். முந்தின நாளே சொல்லிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.”

“பொருந்தும்” என்றார் டல்லி. “எனக்கும் பொருந்தியது.”

வெஸ்லி நிமிர்ந்தான்.

“இருபது வயதில், வெள்ளத்துக்குக் கரை போடும் முகாமில் மண் சுமந்தேன். அங்கே சமைத்த ஒரு பெண் மாவு பிசைந்துகொண்டே பாடிய பாட்டு அது. கடைசி அடியில் தன் பெயரைச் சொல்லி முடிப்பாள். முகாம் கலைந்தது. அடுத்த ஊரில் நான் பாடினேன்.”

“உங்கள் பெயரில்.”

“என் பெயரில். ஐம்பது ஆண்டு.”

திட்டு வாங்க வந்தவனுக்கு இப்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவரும் அவனைப் பார்க்கவில்லை.

“அடுத்த மாதம் மறுபடியும் மெம்பிஸ் போகிறேன், ஐயா. அந்த அம்மாள் பெயரையே பாடிவிடுகிறேன். சொல்லுங்கள், என்ன பெயர்?”

டல்லி கிதாரை மடியில் எடுத்துவைத்துப் பாட்டை முதலிலிருந்து பாடினார். கடைசி அடியில், பெயர் வரும் இடத்தில், வாய் அதைத் தேடித் திறந்து, கிடைக்காமல் மூடிக்கொண்டது. விரல் மட்டும் தந்தியை இரண்டு முறை தட்டியது.

“இவ்வளவு நீளம் இருக்கும்” என்றார்.