நூறு பணம் பெறுமான வில்லை

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டைப் பூபாலவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிப் பொழுதை அவன் ஊஞ்சலில்தான் கழித்தான். தான் ஆடிய ஆட்டத்தை ஊரும் ஆடட்டும் என்று நல்ல மனசோடு ஒரு கேளிக்கை வனம் கட்டினான். பனை உயர ராட்டினம், நீர்ச்சறுக்கு, பேசும் பொம்மைகள் என்று குறைவில்லாத வனம். வாசலில் செப்பு வில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முதல் வருஷம் வில்லை இரண்டு பணம்.

வனத்துக்கு அதிகாரியாக வந்தவர் விசயராயர். மந்திரி சாத்தப்பர் மேல் அவருக்கு எப்போதும் ஒரு காய்ச்சல். ராஜா சிரிக்க வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் விலையை ஏற்றி வருமானம் காட்டினார். இரண்டு ஐந்தாகி, ஐந்து பத்தாகிவிட்டது. வெளியேறும் வாசலில் ஒரு மணியையும் கட்டித் தொங்கவிட்டார். 'கொடுத்த காசுக்குத் தகும்' என்று நினைப்பவர்கள் அடிக்கலாம். நாள் முழுக்க மணி ஓயவில்லை. உப்பரிகையில் உட்கார்ந்து அதைக் கேட்பதே ராஜாவுக்குச் சாப்பாடு மாதிரி.

திருவிழா நெருங்கிய ஒரு நாள் சாத்தப்பர் வனத்துப் பக்கம் போனார். உப்பு விற்கிற ஒருவன் மூன்று பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, பெண்டாட்டியோடு வெயிலில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். "அது நம்ம சின்னவ சத்தந்தானே?" என்று அவள் வேலியில் காதை வைத்துக் கேட்டாள். மறுநாள் சபையில் ராயர் எழுந்து, "வில்லையைப் பன்னிரண்டு பணமாக்கலாம்" என்றதும் மந்திரியால் பொறுக்க முடியவில்லை.

"மன்னா, பத்தே அதிகம்."

ராயர் சிரித்தார். "மந்திரியாருக்குக் காது மந்தமோ? மணிச் சத்தம் கேட்கவில்லையா? சாமானியன்கூட அந்த வில்லையை நூறு பணத்துக்கு மதிப்பான். இது மன்னர் பாதத்தின் மேல் ஆணை!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "சாத்தப்பரே, என் வனத்தைக் குறைத்துப் பேசுகிறீரா? பத்து அதிகமென்று நாளை பொழுது சாய்வதற்குள் மெய்ப்பித்துக் காட்டும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ராயரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்."

"அப்படியே மன்னா. எனக்கு வேண்டியது இரண்டு தட்டு மட்டும்" என்றார் சாத்தப்பர், மோதிரத்தை ஒருமுறைகூடத் தடவிப் பார்க்காமல்.

மறுநாள் வெளியேறும் வாசலில், மணிக்கு அடுத்தாற்போல் இரண்டு தட்டுகளை வைத்தார். ஒன்றில் வில்லைகள். மற்றொன்றில் பத்துப் பத்தாக அடுக்கிய பணம். "ராஜாவின் திருவிழாப் பரிசு! ஆளுக்கு ஒரு வில்லை, இல்லையென்றால் பத்துப் பணம். வில்லை எந்த வருஷமும் செல்லும், யாருக்கும் கொடுக்கலாம்!" என்று காவலன் கூவினான். ராஜாவும் ராயரும் ஓலைத் தட்டி மறைவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள்.

"நூறு பணச் சரக்கை விட்டுவிட்டுப் பத்துப் பணத்தை எவன் தொடுவான்?" என்று ராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

முதலில் வந்தவள் ஒரு வளையல்காரி. மணியை ஓங்கி அடித்தாள். "அடேயப்பா, சொர்க்கம்!" என்றாள். பணத்தை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு நடையைக் கட்டினாள். அடுத்தவனும் அப்படியே. அவனுக்கு அடுத்தவனும் அப்படியே. மத்தியானத்துக்குள் ஒரே ஒருவன் வில்லையை எடுத்தான். ராயர் துள்ளி வெளியே ஓடி, "பார்த்தீர்களா! ஏனப்பா எடுத்தாய்?" என்று கேட்டார்.

"வீட்டுல மாமனார் வந்து தங்கியிருக்காருங்க. பத்து நாளாச்சு. நாளைக்கும் எங்கேயாவது போகணுமில்ல?"

ராஜாவும் வெளியே வந்தான். அடுத்து வந்து மணியடித்துப் பணத்தை எடுத்த குயவனிடம், "பயப்படாமல் சொல். பத்துப் பெறாதென்றால் ஏன் மணி அடித்தாய்?" என்றான்.

குயவன் தலையைச் சொறிந்தான். "அடுத்த வீட்டுப் பிள்ளை வந்துட்டுப் போயிருச்சு சாமி. என் பிள்ளை வருஷம் பூரா அழுதான். வந்தோம். இவ்வளவு கொட்டிக் கொடுத்துட்டு நல்லா இல்லேன்னு சொன்னா ஊரு சிரிக்காதா?"

"பணத்தாசை பிடித்தவர்கள்! ஒரு பணம் வைத்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்" என்று ராயர் கத்தினார்.

"அதையும் பார்த்துவிடலாமே" என்று சாத்தப்பர் பணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். எட்டு வைத்தார், பணம்தான் போயிற்று. ஐந்தில் கைகள் இரண்டு தட்டுக்கும் நடுவே தயங்கின. மூன்று வைத்ததும் ஒருத்தி, "மூணு பணத்துக்கு இந்த ராட்டினத்தை விடுவாங்களா?" என்று வில்லையைப் பறித்துக்கொண்டாள். அதன் பிறகு பணத்தட்டை ஈ மொய்க்கவில்லை.

"வனத்தில் ஒரு குறையும் இல்லை மன்னா, மூன்று பணத்துக்கு அது சொர்க்கம்தான்" என்றார் சாத்தப்பர். வேலியோரம் நின்ற உப்புக்காரக் குடும்பத்தையும் சொன்னார்.

ராஜா வெட்கப்பட்டான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டுவிட்டு, "இன்று முதல் வில்லை மூன்று பணம்" என்றான். நழுவப் பார்த்த ராயரை நிறுத்தினான். "ராயரே, உமக்கு மாதச் சம்பளம் ஆயிரம் பணம் அல்லவா? வில்லை ஒன்று நூறு பெறும் என்று என் பாதத்தின் மேல் ஆணையிட்டீர். இந்த மாதச் சம்பளம், பத்து வில்லை!"

மறுநாள் காலை வனத்து வாசலில் பட்டுத் தலைப்பாகையோடு ஒருவர் வில்லை விற்றுக்கொண்டிருந்தார். உப்புக்காரன் குடும்பத்தோடு வந்து, "என்ன விலைங்க?" என்றான்.

"நூறு பெறும். உனக்காக மூன்று."

"அங்கே வில்லை விற்கிற சாளரத்திலேயே மூணுதானே கொடுக்கிறாங்க?" என்று அவன் நகரப் பார்த்தான்.

ராயர் அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சரி, ஒண்ணுக்கு ரெண்டு பணம் கொடு" என்றார்.

ஐந்து பேரும் உள்ளே போனார்கள். அன்று வேலியோரம் யாரும் நிற்கவில்லை.