ஏரிக்குள் இறக்கிவைக்கப்பட்ட அதிகாரி

1987 மே 4, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஆறு பயிற்சியாளர்கள், ஒரு ஞானசிகாமணி. ஓணான்குட்டை ஏரிக்கரை மாந்தோப்பில் கோடைக்கால முகாம் இப்படித்தான் தொடங்கியது.

ஞானசிகாமணி ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளைத் தோப்பில் தங்கவைத்து நீச்சல், பட்டம், நாடகம் எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. அனுமதி மட்டும் வரவில்லை. மறுநாள் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் முகாம், இல்லாவிட்டால் சாயங்கால பஸ்ஸிலேயே பிள்ளைகள் வீட்டுக்கு.

பயிற்சியாளர்கள் ஆறு பேரும் ஓணான்குட்டையில் கிணறு வெட்டுகிறவர்கள். ஊரில் நீந்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கிணற்றுக்குள் வெடி வைத்துவிட்டு மேலே இருப்பவன் "ஏறு" என்றால் ஏற வேண்டும். ஏன் என்று கேட்டவர்கள் யாரும் ஓணான்குட்டையில் மிச்சமில்லை.

ஏரி பக்கத்தில் இருக்கிறதே என்ற பயத்தில் வாத்தியார் ஒரே ஒரு விதி போட்டார். "முகாமுக்குள்ள யாரா இருந்தாலும் ஜோடியாத்தான் நகரணும். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கணும். தனியா ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது."

"நாங்களுமா?" என்று கேட்டார் மேஸ்திரி வேடியப்பன்.

"எல்லாரும்தான்!"

மறுநாள் காலை, அதிகாரியை டவுன் பஸ் நிலையத்தில் வரவேற்கக் கிளம்பினார் வாத்தியார். வேடியப்பன் தன் ஜோடியின் கையைப் பிடித்தபடி குறுக்கே வந்து நின்றார்.

"வாத்தியாரே, தனியா நடக்கறீங்க."

"அட, நான் வெளியில போறேன்யா."

"வாசல் வரைக்கும் முகாம்தானுங்களே?"

வாத்தியார் பக்கத்தில் கரையில் நின்ற பயிற்சியாளர் தீர்த்தனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே தீர்த்தன் கையை விடவில்லை. "நான் எப்படிங்க தனியா திரும்பறது?" பஸ் ஹாரன் அடித்தது. வாத்தியார் அவனையும் இழுத்துக்கொண்டு ஏறினார்.

தீர்த்தனின் ஜோடி குப்புலிங்கம். அவர் அப்போது ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நீச்சல் எல்லைக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ் போவதைப் பார்த்தவர், தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார்.

மீதி நான்கு பேரும் இரண்டு ஜோடியாகக் கரையில் கூடி யோசித்தார்கள்.

"நான் போய்க் குப்புலிங்கத்தைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"நீ போனா நான் தனி ஆளாயிடுவேன்."

"அப்ப ரெண்டு பேரும் போவோம்."

"திரும்பும்போது மூணு பேர். மூணு பேர் ஜோடி ஆகுமாடா?"

ஆகாது என்று முடிவானது. "அண்ணே, மீன் கடிக்குது!" என்று குப்புலிங்கம் கத்தினார். "பொறுத்துக்கப்பா, வாத்தியார் வந்துடுவார்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

பத்து மணிக்கு அதிகாரி கோதண்டபாணி வந்தார். வாத்தியார் காத்திருந்த பஸ்ஸில் அல்ல, வேறு வழியாக, தன்னந்தனியாக. வாசலிலேயே தடுக்கப்பட்டார்.

"தனி ஆளு உள்ள நடக்கக் கூடாதுங்க."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்யா!"

"வாங்க சார். ஆனா நடக்காதீங்க."

வேடியப்பன் முகம் திடீரென்று மலர்ந்தது. "டேய், இங்க ஒரு ஒத்தை ஆளு. ஏரியில ஒரு ஒத்தை ஆளு!"

"இவரை அங்க எப்படிண்ணே கொண்டுபோறது?"

"நடக்கத்தானே கூடாது? தூக்கலாமே!"

கயிற்றுக்கட்டில் வந்தது. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு கையில் கட்டில், மறு கையில் ஜோடியின் கை. கட்டிலில் அதிகாரி. கைப்பையும் குடையும் மடியில். பிள்ளைகள் கரையில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கைதட்டினார்கள். அது வரவேற்பு நிகழ்ச்சி என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஏரிக்குள் கொண்டுபோய், குப்புலிங்கத்துக்குப் பக்கத்தில் அதிகாரியைப் பத்திரமாக இறக்கி நிறுத்தினார்கள். குப்புலிங்கம் இடது கையால் அவருடைய வலது கையைப் பற்றினார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார்" என்றார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கோதண்டபாணி கேட்டார்: "என்னைத் தூக்கிட்டு வந்த கட்டில்ல இவரைத் தூக்கிட்டுப் போயிருக்கலாமில்ல?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேடியப்பன்தான் பதில் சொன்னார். "அவன் நனைஞ்சிருக்கான் சார். கட்டில் ஈரமாயிடும்."

கரையேறிய அதிகாரி ஊருக்குக் கிளம்பப் பார்த்தார். முடியவில்லை. பாறை உடைத்துப் பழகிய கையை உதறிவிட்டுப் போவது சுலபமல்ல. "கையை விட்டா நீங்க தனி ஆளாயிடுவீங்க சார்" என்று குப்புலிங்கம் கெஞ்சினார். பிறகு இருவரும் குப்புலிங்கத்தின் இரண்டு லுங்கிகளில் அன்றைய நிகழ்ச்சி நிரல் முழுவதிலும் கலந்துகொண்டார்கள். பட்டம் விட்டார்கள். கயிறு இழுத்தார்கள். நாடகத்தில் ஆளுக்கு ஒரு மரமாக நின்றார்கள். அதிகாரியின் வலது கை மாட்டிக்கொண்டிருந்ததால், மத்தியானம் சாம்பார் சாதத்தைக் குப்புலிங்கமே உருட்டி ஊட்டினார்.

"வாயைத் தொறங்க சார். இன்னும் ஒரு வாய்."

மூன்று மணிக்கு வாத்தியார் திரும்பினார். காலியான டவுன் பஸ் நிலையத்தில் அத்தனை நேரம் தீர்த்தனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தோப்பில் லுங்கியோடு இருந்த அதிகாரியைப் பார்த்ததும் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "சார், இருபது வருஷக் கனவு சார். பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிடாதீங்க."

தீர்த்தன் எட்டிக் குப்புலிங்கத்தின் கையைப் பிடித்த பிறகுதான் அதிகாரிக்குத் தன் வலது கை திரும்பக் கிடைத்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அனுமதி இல்லை என்று எழுதத்தான் எடுத்தார்.

"பாதுகாப்பு ஏற்பாடு எப்படின்னு இந்தப் படிவத்துல ஒரு கேள்வி இருக்கு" என்றார். "நானே தப்பிச்சுப் போக முடியலை. குழந்தை எப்படி ஐயா தொலையும்?"

அனுமதி கிடைத்தது. ஆனால் கோபம் ஆறாத கோதண்டபாணி, கீழே ஒரு நிபந்தனையை அழுத்தி எழுதினார்: 'இம்முகாம் எல்லைக்குள் எவரும் எக்காலத்திலும் இருவராகச் சேர்ந்து நடமாடுதல் கூடாது. மீறினால் அனுமதி ரத்து.'

வாத்தியார் அதைச் சத்தமாகப் படித்தார். ஆறு பேரும் உடனே ஆறு திசையில் விலகி நின்றார்கள். சோற்று அண்டாவை இறக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் அன்று முதல் அது அடுப்பிலேயே இருந்தது. பிள்ளைகள் அடுப்பங்கரையில் வரிசையாக வந்து சாப்பிட்டுப் போனார்கள். முகாம் அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் நடந்தது.

1990 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை, வாத்தியார் தலைமையில் குப்புலிங்கத்தின் திருமணம் முகாம் தோப்பில் நடைபெற்றது. மாப்பிள்ளை முதலில் தனியாக அக்கினியை மூன்று முறை வலம் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு பெண் எழுந்து மூன்று முறை வலம் வந்தார். அனுமதி ரத்தாகவில்லை.