தும்பைக்கு ஒரு பேரம்

"பொடி வேலை செய்யலைங்க, சாமி."

வந்ததும் வராததுமாக ராக்கியப்பன் சொன்னது இதுதான். கும்பிடவில்லை. உட்காரவில்லை. கையிலிருந்த டப்பாவைச் சாமியின் முன்னால் ணங்கென்று வைத்தான்.

கரட்டின் உச்சியில் ஒற்றை ஊஞ்சமரம். அதன் நிழலில் உட்கார்ந்து சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"பொடி யாருக்குங்ணா?"

"குதிரைக்குங்க. எனக்கா மூட்டு வலி?"

"கரடு ஏறி மூச்சு வாங்குறது நீங்கதானே. அதான் கேட்டேன்."

சாமி வயதில் அவனுக்கு இளையவர். அதனால் அவனை அண்ணா என்பார். அவன் அவரைச் சாமி என்பான். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் கிடையாது.

ராக்கியப்பன் குதிரைத் தரகன். சந்தையில் அடுத்தவன் குதிரைக்குப் புல் சுமந்து தொழிலைப் பிடித்தவன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. உதை வாங்கிக் கற்றுக்கொண்டான். குதிரையிடம் பாதி, மனிதனிடம் பாதி. இன்றைக்கு அந்தியூர்ச் சந்தையில் அவன் ஒரு குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால், விற்க வந்தவன் தானாகவே விலையைக் குறைப்பான்.

எத்தனையோ குதிரைகளை வாங்கி விற்றிருக்கிறான். விற்காதது ஒன்றே ஒன்று. தும்பை. வெள்ளைப் பெட்டைக்குதிரை.

அவள் இப்போது அவனுக்குப் பின்னால் நின்றாள். வலது பின்னங்காலை முழுசாக ஊன்றவில்லை. குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம்.

"என்ன பொடி இது?" சாமி கேட்டார்.

"டவுன்ல குதிரை டாக்டர் எழுதிக் கொடுத்ததுங்க. மூட்டுக்குள்ள இருக்கிற வழவழப்பு குறைஞ்சு போச்சாம். அதுக்கு ஊட்டமாம். ஊறவெச்ச கொள்ளுல கலந்து கொடுக்கச் சொன்னாரு."

"திங்குதா?"

"முதல்ல உதட்டாலயே கொள்ளைப் பொறுக்கித் தின்னுட்டு, பொடியை வாளி அடியில அப்படியே விட்டுட்டாளுங்க. என்னையே ஏமாத்தறா. அப்புறம் கருப்பட்டித் தண்ணி ஊத்திப் பிசைஞ்சு வெச்சேன். இப்ப வாளியை நக்கிட்டுத்தான் தலையைத் தூக்கறா."

"நல்லதுதானே."

"என்னத்தைங்க நல்லது?" அவன் குரல் ஏறியது. "ஆளி விதையும் அரைச்சுப் போட்டுப் பாத்தேன். பிரண்டையும் போட்டேன். வீக்கம் வெச்ச இடத்துலயே இருக்குது. இது போலிப் பொடி சாமி. நாளைக்குப் போயி அந்தக் கடைக்காரன் சட்டையைப் புடிக்கிறேனா இல்லையா, பாருங்க."

"புடிங்க. டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

ராக்கியப்பன் காதைச் சொறிந்தான்.

"ரெண்டு சொன்னாருங்க. பொடி ஒண்ணு. வீக்கம் வடிஞ்சு கால் தேறுற வரைக்கும் ஆடாம ஓடாம நிக்கட்டும்னு இன்னொண்ணு."

"நீங்க?"

"ரெண்டு சொன்னா ஒண்ணுல முடிக்கிறதுதானுங்க பேரம். நிக்கறதைத் தள்ளிட்டேன். அதுக்குப் பதிலா பொடியை ரெட்டிப்பா அள்ளிப் போட்டேன். யாருக்கும் நட்டமில்லை."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா?"

"அவர்கிட்ட எங்கீங்க கேட்டேன்? அவர் இல்லாதப்பத்தான் பேசி முடிச்சேன்."

சாமி மொச்சையை உரித்தார். ஒரு சொத்தையை எடுத்து எறிந்தார்.

"சாமி, வர்ற வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல தேரு. தேருக்கு முன்னால தும்பைதான் ஆடணும். வருசா வருசம் அவதான் ஆடறா. தப்பட்டை கேட்டா முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, பின்னங்கால்லயே நின்னு திரும்புவா. அதைப் பாத்துட்டுத்தான் நாலு ஊருக்காரன் என்கிட்டக் குதிரை வாங்க வர்றான்."

"இந்த வருசம் ஆடலைன்னா?"

"பெருந்துறைக்காரன் குதிரை முன்னால வந்து நிக்கும். அவன் குதிரைக்கு ஆடத் தெரியாதுங்க. எட்டி உதைக்கத்தான் தெரியும். எங்க ஊர்ச் சனம் அதையும் ஆட்டம்னு கை தட்டும். அப்புறம் அந்த இடம் எனக்குத் திரும்பி வராது." அவன் துப்பினான். "இதைவிட வேகமா வேலை செய்யற பொடி ஒண்ணு சொல்லுங்க. இல்லைன்னா திருநீறாவது மந்திரிச்சுக் கொடுங்க. அதையும் கொள்ளுலயே கலந்துடறேன்."

சாமி எழுந்தார். மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டார். தும்பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து, வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

தும்பையின் தோல் சிலிர்த்தது. காதுகள் பின்னால் படிந்தன. ஆனால் உதைக்கவில்லை.

சாமி நிமிர்ந்தார்.

"இதை எனக்கு வித்துருங்ணா."

ராக்கியப்பனுக்குச் சுருக்கென்றது. "சாமிக்கு எதுக்குங்க குதிரை? ஏறி எங்க போகப் போறீங்க? தும்பை விக்கிறதுக்கில்லை."

"விக்க வேண்டாம். பேரம் மட்டும் பேசுவோம். மொச்சையும் உரிச்சாச்சு. நானும் சும்மாதானே இருக்கேன்."

"சாமிக்குப் பேரம் தெரியுமுங்களா?"

"எனக்குத் தெரியாதுன்னா உங்களுக்கு லாபம்தானே."

பேரம் என்று ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் ராக்கியப்பனுக்கு எதிரில் இருப்பது சாமியா ஆசாமியா என்ற வித்தியாசம் போய்விடும். முதுகு நிமிர்ந்தது. முகத்தில் சந்தைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"பாருங்க சாமி. சுழி சுத்தம். நெத்தியிலிருந்து வால் வரைக்கும் ஒரு கெட்ட சுழி காட்டுங்க, தொழிலை விட்டுடறேன். காது நுனி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடுது பாருங்க. குணம் எப்படின்னா, சின்னப் பசங்க வயித்துக்கடியில பூந்து விளையாடலாம்."

"நல்லாப் பேசறீங்க. அந்தப் பாறை மேல ஒரு நடை ஓட்டிக் காட்டுங்க."

குதிரை வாங்கத் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. மணலில் ஓட்டினால் நொண்டல் ஒளிந்துகொள்ளும். பாறையில் குளம்புச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை சந்தையில் எத்தனை பேர் அவனிடம் இதைக் கேட்டிருப்பார்கள். பதில் தானாக வந்தது.

"இப்ப எதுக்குங்க ஓட்டிக்கிட்டு? கரடு ஏறி வந்திருக்கா. கால் அசந்து கெடக்குது. இந்த நேரத்துல ஓட்டறது அவளுக்கும் அழகில்லை, உங்களுக்கும் அழகில்லை."

"மூட்டு வீங்கியிருக்குதே."

"அதுங்களா? ஒண்ணுமில்லைங்க. ஓட்டாம, ஆட்டாம, நெழல்ல கட்டி மேய விட்டீங்கன்னா தானா வடிஞ்சுரும். நல்ல ரத்தமுங்க."

"சரி, புடிச்சுப் போச்சு. வாங்கிட்டேன்னே வெச்சுக்குவோம். வெள்ளிக்கிழமை உங்க ஊர்த் தேருக்கு என் குதிரைன்னு ஓட்டிட்டு வந்து ஆட விடறேன்."

சந்தைச் சிரிப்பு மறைந்தது.

"வெள்ளிக்கிழமையா? வாங்கின கையோட எவனாச்சும் ஆட விடுவானுங்களா?"

"என் குதிரை. நான் ஆட விடறேன். உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா?" ராக்கியப்பன் ஓரடி முன்னால் வந்தான். "தேருக்கு முன்னால நொண்டிக்கிட்டு நின்னா உங்களையா கேப்பாங்க? யார்கிட்டப் புடிச்சதுன்னு கேப்பாங்க. ராக்கியப்பன் வித்த குதிரைம்பாங்க. அந்தக் கால் அன்னைக்கோட போயிரும். அப்புறம் அவ எந்திரிக்கவே மாட்டா. அப்படி ஆளுக்கு நான் குதிரை தர்றதில்லைங்க."

"அப்ப எப்ப ஆடலாம்?"

"கொஞ்ச நாள் போகட்டுங்க."

"கொஞ்ச நாளா? சந்தையில அப்படி ஒரு கணக்கு உண்டா? பேரம் பேசத் தெரியும்னு நெனைச்சேன்."

ராக்கியப்பனின் மூக்கு விடைத்தது.

"துண்டைப் போடுங்க," என்றார் சாமி. "விரலுக்கு ஒரு மாசம். வாயால பேசினா குதிரைக்குக் கேட்டுரும்."

சந்தையில் விலையை வெளியே சொல்லமாட்டார்கள். இரண்டு பேரின் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே ஒருவன் விரலை மற்றவன் பிடிப்பான். எத்தனை விரல் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ராக்கியப்பன் தோளிலிருந்த துண்டை உருவி, நீட்டியிருந்த சாமியின் கைமேல் போட்டான்.

சாமி ஒரு விரலைப் பிடித்தார்.

"ஆவாதுங்க." ராக்கியப்பன் உதறினான். மூன்று விரலைப் பிடித்தான்.

"அநியாயம்," என்றார் சாமி. "மூணு மாசம் சும்மா நிக்க வெச்சுக் கொள்ளுப் போட நான் என்ன ஜமீனா?" இரண்டு விரலைப் பிடித்தார். "உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இதோட முடிச்சுக்கலாம்."

"முடியாதுங்க."

"பொடியை ரெட்டிப்பாப் போட்டுக்கறேன். மாசத்தைப் பாதியாக் குறைங்க."

"பொடி என்னங்க பண்ணும் பொடி?" ராக்கியப்பன் கத்தியே விட்டான். ஊஞ்சமரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன. "அள்ளிக் கொட்டினாப்புல ஆச்சா? தின்னது ரத்தத்துல சேரணும். ரத்தம் போயி மூட்டுல ஊறணும். இந்தப் பக்கம் ஊற ஊற அந்தப் பக்கம் தேய்ச்சுக்கிட்டே இருந்தா எங்கீங்க தங்கும்? வாயில்லாத சீவன். நோவுதுன்னு அது எப்படிச் சொல்லும்? உதைக்கக்கூட மாட்டேங்குது, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்," என்றார் சாமி. "சரி. ரெண்டரை."

"ரெண்டரையுமில்லை, மூணுமில்லை."

துண்டு குலுங்கியது. சாமியின் ஐந்து விரல்களையும் சேர்த்து அவன் வளைத்துப் பிடித்திருந்தான்.

"இதுல ஒரு நாள் குறைஞ்சாலும் குதிரை இல்லை. சாமியா இருந்தாலும் இல்லை."

சாமி வலியில் கொஞ்சம் முகம் சுளித்தார். கையை இழுக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை அந்தப் பெருந்துறைக்காரன் குதிரையே எட்டி உதைச்சுக்கட்டும்," என்றான் ராக்கியப்பன்.

சாமி தம் விரல்களை மெல்ல உருவிக்கொண்டு, மொச்சைக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

துண்டுக்குள் ராக்கியப்பனின் கை மட்டும் இருந்தது.