ஒரே கோட்டில் இரண்டு லேபிள்

திருப்பூரில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு விலை உயர்ந்த குளிர்கோட்டுகள் தைக்கும் ஆலை ஒன்றில், லேபிள் தைப்பவள் மயிலாத்தாள். அந்தக் கோட்டுகள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையா என்று மதிப்பிட்டுச் சான்றிதழ் தர ஓர் அதிகாரி வந்தார்.

"லேபிள்ல இருக்கறதெல்லாம் நெசம்னு சொல்லோணும். இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று மேனேஜர் சுந்தரவடிவேல் அவளை மிரட்டியிருந்தார்.

அதிகாரி கேட்டதும் மயிலாத்தாள் பணிவாகச் சொன்னாள்: "எல்லாம் நெசந்தானுங்க. ஆறு மாசத்துல மண்ணோட மக்கிரும்னு இந்த லேபிள் சொல்லுது. மண்ணோ மழையோ முப்பது வருசத்துக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு அந்த லேபிள் சொல்லுது. ரெண்டையும் ஒரே கோட்டுல நாந்தானுங்க தைக்கறேன்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை.

அவளை வேலையிலிருந்து நீக்கவும் முடியவில்லை. ஆயிரம் கோட்டுகளிலிருந்து லேபிளைப் பிரித்தெடுக்க ஆள் தேவைப்பட்டது.